கப்பு யாருக்கு, கோச்சுக்கா ஆட்டக்காரனுக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கே நீரோடி, தூத்தூர், இந்தப் பக்கம் குளச்சல், முட்டம், மணக்குடி என்று குமரிக் கடற்கரையில் எங்கே கால்பந்து ஃபைனல் நடந்தாலும் மறுநாள் டீக்கடையில் ஒரே பஞ்சாயத்துதான். ஜெயித்த ஊரில் “பையன்கள் ஆடினார்கள், கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்” என்பார்கள். தோற்ற ஊரில் “கோச்தான் கெடுத்தார்” என்பார்கள். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், அவற்றுக்கு எனக்குச் சரியென்று படும் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

நேராகச் சொல்லுங்கள். பெருமை யாருக்கு?

கோச்சின் கையில் என்ன இருந்தது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆட்களை அவரே தேர்ந்தெடுத்தாரா? எத்தனை மாதம் அவர்களோடு மைதானத்தில் நின்றார்? யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பதைக் கமிட்டிக்காரர்கள் அவரிடம் விட்டார்களா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் கப்பு ஆட்டக்காரர்களுடையது, கோச் கூட இருந்தார், அவ்வளவுதான். மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் பெரிய பங்கு கோச்சுக்கு. தோல்வியையும் இதே கணக்கில் பிரிக்க வேண்டும். நம் ஊரில் அதை மட்டும் யாரும் செய்வதில்லை.

திருவிழா செவன்ஸில் கோச்சுக்கு என்னதான் வேலை?

குறைவுதான். ஊர்த் திருவிழாவை ஒட்டி நடக்கும் இந்த ஏழு பேர் மின்னொளிப் போட்டிக்கான டீம் சில சமயம் முந்தின நாள் ராத்திரி போனில்தான் உருவாகிறது. இரண்டு பேர் சொந்த ஊர், இரண்டு பேர் பக்கத்து ஊர், மிச்சம் பொழியூர்ப் பக்கத்திலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ வரும் கெஸ்ட். பூட்ஸ் கட்டும்போதுதான் ஒருவன் பெயர் இன்னொருவனுக்குத் தெரியும். ஏழு பேர், சின்ன மைதானம், பல இடங்களில் ஆஃப்சைடும் பார்ப்பதில்லை. ஒரு நல்ல கோல்கீப்பரும் தூரத்திலிருந்து ஓங்கி அடிக்கிற ஒருவனும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இடைவேளையில் கயிற்றோரம் நின்று பாருங்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்க்கிறான். இன்னொருவன் கணுக்காலில் ஸ்பிரே அடித்துக்கொண்டே ரெஃபரியைத் திட்டுகிறான். ஊர்ப் பெரியவர் ஒருவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து “பந்த மேல தூக்கி அடிங்கடே” என்று யோசனை சொல்கிறார். இத்தனைக்கும் நடுவில் கோச் குனிந்து மணலில் விரலால் ஒரு கோடு போட்டு, பின்வரிசையில் நிற்கும் ஸ்டாப்பரிடம் சொல்கிறார்: “அவன் இடது கால்காரன். உள்ளே விடாதே, வலது பக்கமாத் தள்ளிட்டுப் போ.” அந்த ஒரு வார்த்தை பலித்து, எதிர் டீமின் பத்தாம் நம்பர் இரண்டாம் பாதி முழுக்க அடிக்க முடியாமல் போனால், அந்த அளவுக்குப் பெருமை கோச்சுக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் கேட்டால் அதிகம்.

இன்னொரு வேலையும் உண்டு. கோபக்காரன் ரெட் கார்டு வாங்குவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் அவனை வெளியே எடுப்பது. இது வெளியே யாருக்கும் தெரியாது, எடுக்கப்பட்டவனின் வீட்டார் மட்டும் சண்டைக்கு வருவார்கள்.

கடலுக்குப் போகிற பையன்களை வைத்துக்கொண்டு ஒரு கோச் என்ன செய்ய முடியும்?

நம் பக்கத்தில் இதுதான் உண்மையான கேள்வி. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்குவதில்லை.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் போனால் வாரக்கணக்கில் திரும்பாது. கரை பிடிப்பதும் தேங்காப்பட்டணமாக இருக்கலாம், கொச்சியாக இருக்கலாம். ஆகவே பிராக்டிஸுக்கு இந்த வாரம் பதினெட்டு பேர் வந்தால் அடுத்த வாரம் ஒன்பது பேர். இதில் ‘டீமைச் செட் பண்ணு’ என்றால் எப்படி?

மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முழு டீமும் ஊரில் இருப்பது அந்த 61 நாள்தான். ஆனால் அதேதான் தென்மேற்குப் பருவமழைக் காலமும். கடலேற்றத்தில் மணல் மைதானத்தில் பாதியை அலை கொண்டுபோய்விடும். ஆள் இருக்கும்போது மைதானம் இல்லை, மைதானம் இருக்கும்போது ஆள் இல்லை. கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அவர்களுக்கு மழைத் தொல்லை குறைவு, வெயில்தான் பிரச்சினை.

இப்படிப்பட்ட இடத்தில் கோச்சின் திறமையை ஃபார்மேஷனில், அதாவது யாரை எங்கே நிறுத்துகிறார் என்பதில், தேடக் கூடாது. ஒரு மாதம் படகில் இருந்துவிட்டு வருகிறவனுக்குத் தோள் இறுகியிருக்கும், ஓட்டம் போயிருக்கும். வந்த அன்றே மேட்ச் ஆட விட்டால் தொடை பிடித்துக்கொள்ளும், அப்புறம் மூன்று வாரம் அவன் இல்லை. அவனை நாலைந்து நாள் தனியாக ஓடவிட்டு, ‘இன்னைக்கு நீ இல்ல’ என்று அவன் அண்ணன் தம்பிகள் முன்னாலேயே சொல்லத் துணிகிறவர்தான் கோச்.

மணல் விஷயமும் இருக்கிறது. மணலில் ஓடி வளர்ந்தவனுக்குக் கெண்டைக்காலும் கணுக்காலும் நல்ல பலம். ஆனால் மணலில் பந்து உருளாது, விழுந்த இடத்தில் நின்றுவிடும். அதனால் பையன்கள் பந்தைத் தூக்கியே கொடுத்துப் பழகுவார்கள். அதே பையனை நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கப் புல்லில் இறக்கினால் முதல் பத்து நிமிஷம் அவன் கொடுக்கும் பாஸ் எல்லாம் லைனைத் தாண்டும். இதை முன்கூட்டியே யோசித்து, பஸ் காசைத் தானே போட்டு, மாதத்தில் சில நாளாவது பிள்ளைகளைப் புல்தரைக்குக் கூட்டிப்போகிற ஆட்கள் இந்தக் கடற்கரையில் இருக்கிறார்கள். அவர்கள் டீம் மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் அது கோச்சின் வெற்றி என்று கூசாமல் சொல்வேன்.

நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தால் யார் கோச்சாக நின்றாலும் ஜெயிக்கலாம் என்கிறார்களே?

பெரிய லீக்குகளில் இதற்குப் பாதி ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்துக் கிளப்புகளின் பல வருஷக் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஸ்டெஃபான் ஸிமான்ஸ்கி, ஆட்டக்காரர்களுக்கு அதிகம் சம்பளம் கொடுக்கும் கிளப் நீண்ட காலத்தில் பட்டியலில் மேலேயே நிற்கிறது என்று காட்டினார். விலை உயர்ந்த கால்கள் ஜெயிக்கின்றன. கோச் பெயர் என்னவாக இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான்.

மீதிப் பாதிக்கு மான்செஸ்டர் யுனைடெட். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 முதல் 2013 வரை அங்கே கோச்சாக இருந்தார், 13 பிரீமியர் லீக் பட்டங்கள் வாங்கினார். கடைசிப் பட்டம் 2013-ல். அவர் ஓய்வு பெற்ற அடுத்த சீசனில், ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களோடு, கிளப் ஏழாவது இடத்துக்குப் போனது. ஆட்டக்காரர்களே எல்லாம் என்றால் அந்த ஆறு படிகள் எங்கே போயின?

எனக்கு இவர்கள் எல்லாரையும்விட இங்கிலாந்துக் கோச் பிரையன் க்ளஃப் கதை பிடிக்கும். அவர் ஒருவரை வைத்தே இரண்டு பக்கமும் வாதாடலாம். 1974-ல் இங்கிலாந்துச் சாம்பியனாக இருந்த லீட்ஸ் அவரைக் கோச்சாக எடுத்தது. அங்கே முன்பே ஜெயித்துப் பழகிய பெரிய ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை, இவருக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. 44 நாளில் வெளியே. அப்புறம் இரண்டாம் டிவிஷனில் கிடந்த நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்குப் போனார். 1977-ல் மேலே வந்தார்கள், 1978-ல் இங்கிலாந்துச் சாம்பியன், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை. லீட்ஸில் அவருக்குக் கிடைத்தது மற்றவர் கட்டிய டீம். ஃபாரஸ்டில் துணைக் கோச் பீட்டர் டெய்லரோடு சேர்ந்து ஆள் பார்த்து அவரே கட்டினார்.

நம் ஆள் சூசைராஜ் போனபிறகுதானே சென்னை சிட்டி ஐ-லீக் ஜெயித்தது? அப்படியென்றால் ஆட்டக்காரன் முக்கியமில்லையா?

சூசைராஜ் இரவிபுத்தன்துறைப் பையன். இந்தக் கேள்வி அந்த ஊர்க்காரர்களைச் சீண்டுவதற்காகவே கேட்கப்படுவது. இருந்தாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

நடந்தது இதுதான். 2017-18 ஐ-லீக்கில், அதாவது தேசியக் கால்பந்து லீக்கில், சென்னை சிட்டி பத்து டீமில் எட்டாவதாக வந்தது. அவ்வளவு கீழே கிடந்த டீமில் ஆடிக்கொண்டே மைக்கேல் சூசைராஜ் அந்த சீசனின் சிறந்த மிட்ஃபீல்டர் விருதை வாங்கினார். அப்புறம் இன்னொரு தேசிய லீக்கான ஐ.எஸ்.எல்.லில் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அடுத்த சீசன், சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி பட்டத்தையே வாங்கியது. 2019 மார்ச் 9, கடைசி நாள் ஆட்டம். மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள்.

‘சிறந்த ஆள் போனான், கோச் வந்தார், கப்பு வந்தது, ஆகவே கோச்’ என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். ஆனால் கோச் தனியாக வரவில்லை. அதே சமயம் ஸ்பெயின் பக்கத்திலிருந்து பெத்ரோ மான்சி, நெஸ்தர் கோர்தீயோ போன்றவர்களும் வந்தார்கள். மான்சி ஒருவரே அந்த லீக்கில் 21 கோல் அடித்தார். அடுத்த சீசனில் கோச் அதே நவாஸ்தான். மான்சி பாதியில் ஜப்பானுக்குப் போய்விட்டார், பட்டம் மோகன் பகானுக்குப் போனது.

நான் இதைப் படிப்பது இப்படி: சந்து சந்தாகப் பாஸ் கொடுத்து ஆடுகிற ஒரு முறையைக் கோச் கொண்டுவந்தார், அந்த முறைக்கு ஏற்ற ஆட்களைக் கிளப் பிடித்தது. கடைசி நாளில் இரண்டு கோல் அடித்தது மான்சி கூட இல்லை, பின்வரிசையில் ஆடிய கௌரவ் போரா. சூசைராஜும் சும்மா இருக்கவில்லை. 2019-20-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கிளப் ஐ.எஸ்.எல். ஜெயித்தபோது அந்த டீமில் இருந்தார். அவர் போனதால்தான் சென்னை ஜெயித்தது என்பது டீக்கடைக் கணக்கு.

மரடோனா மாதிரி ஒருத்தன் இருந்தால் கோச் எதற்கு?

மரடோனா மாதிரி ஒருத்தன் கிடைத்தால் எனக்கும் கோச் வேண்டாம். 1987-லும் 1990-லும் அவர் ஆடிய நாப்போலி கிளப் இத்தாலிச் சாம்பியன் ஆனது, அவர் வருவதற்கு முன்பு ஒரு தடவையும் ஆனதில்லை. பெருமை அவருக்குத்தான், தாராளமாக. ஆனால் 1986 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா கோச் பிலார்தோ மீதிப் பேரை வைத்துப் பின்னால் ஒரு அரண் கட்டினார். அதனால் மரடோனாவுக்குப் பந்து பறிக்க ஓட வேண்டிய வேலை குறைந்தது. அந்த ஏற்பாட்டைக் கோல் பார்க்கிற கண் கவனிப்பதில்லை.

ஒரே முடிவால் கோச் ஜெயித்த ஆட்டம் என்று எதையாவது காட்ட முடியுமா?

2014 உலகக் கோப்பைக் கால் இறுதி, நெதர்லாந்தும் கோஸ்டாரிக்காவும். கூடுதல் நேரமும் முடியப் போகிறது, கோல் இல்லை. கோச் லூயி வான் ஹால் பெனால்டிக்காகவே கோல்கீப்பர் சிலெஸனை வெளியே எடுத்துவிட்டு டிம் க்ரூலை இறக்கினார். க்ரூல் ஐந்து அடிக்கும் சரியான பக்கம் பாய்ந்தார், இரண்டைப் பிடித்தார், 4-3. உலகமே கோச்சைக் கொண்டாடியது. அரை இறுதியில் அர்ஜென்டினாவோடு மறுபடி பெனால்டி. இந்தத் தடவை மாற்று ஆட்டக்காரர் வாய்ப்பு மூன்றும் முன்பே தீர்ந்துபோயிருந்தது. க்ரூலை இறக்க வழியில்லை, தோற்றார்கள். அந்த மூன்று மாற்றங்களைச் செய்ததும் அதே கோச்தான்.

நம் நாட்டு உதாரணம் இதைவிடப் பெரியது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. கோச் சையது அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர், தொழில் பள்ளி ஆசிரியர். தாய்லாந்தோடு ஆடும்போது டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். பின்வரிசையில் நின்று வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டுகிற நிலையில் அவர் இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஓய்வு கொடுத்திருப்பார்கள். ரஹீம் அவரை அரை இறுதியில் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார்! கல்லூரிக் காலத்தில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். தென் வியட்நாமோடு அரை இறுதியில் ஜர்னைல் கோல் அடித்தார். தென் கொரியாவோடு ஃபைனலில் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கம்.

கட்டுப் போட்ட தலையோடு முன்னால் போய் நின்றது ஜர்னைல். அந்தத் துணிச்சலைக் கோச் உண்டாக்கித் தரவில்லை. ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று கண்டது ரஹீம். 1950 முதல் அதே டீமோடு இருந்தவர் என்பதால்தான் யாரிடம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. 1951 ஆசியத் தங்கமும் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடமும் அவர் காலத்தில் வந்தவை. 1963 ஜூனில் புற்றுநோயால் இறந்தார். அதன்பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு வரவே இல்லை. பி.கே.யும் சுனி கோஸ்வாமியும் ஜர்னைலும் பெரிய ஆட்டக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தியக் கால்பந்தின் பொற்காலம் யாருடையது என்று கேட்டால் நான் ரஹீம் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

கோச்சை மாற்றியதும் டீம் ஜெயிக்க ஆரம்பிக்கிறதே, அது எப்படி?

பல நேரம் அது தற்செயல். தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்ற பிறகுதான் கோச்சை மாற்றுகிறோம். அவ்வளவு மோசமான ஓட்டம் யாரை வைத்திருந்தாலும் சீக்கிரம் கொஞ்சம் தேறத்தான் செய்யும். நெதர்லாந்து லீக்கை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், கோச்சை மாற்றிய டீமும் அதே மாதிரி சறுக்கியும் மாற்றாத டீமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் மீண்டன.

லெஸ்டர் சிட்டி 2016-ல் யாரும் நினைக்காத பிரீமியர் லீக் பட்டத்தைக் கோச் ரனியேரி தலைமையில் வாங்கியது. ஜெயித்தால் ஒன்றுக்கு ஐயாயிரம் தருகிறோம் என்று பந்தயக் கம்பெனிகள் சொல்லியிருந்த டீம். ஒன்பது மாதத்தில், 2017 பிப்ரவரியில், அவரை அனுப்பிவிட்டார்கள். அதற்குள் நடுவில் ஓடி ஓடிப் பந்து பறித்த கான்டே செல்சிக்குப் போயிருந்தார், அந்த சீசன் முடிவில் அங்கேயும் சாம்பியன் ஆனார். ரனியேரியை அனுப்பியது அநியாயம் என்பது என் கட்சி.

கோச், மேனேஜர், வித்தியாசம் என்ன?

இங்கிலாந்தில் மேனேஜர் என்றால் ஆள் வாங்குவது முதல் ஆட்டம் வரை எல்லாம் பார்ப்பவர். நம் ஊரில் மேனேஜர் என்றால் வேன் பேசுபவர், ஜெர்சியைத் துவைக்கப் போடுபவர், கெஸ்ட் ஆட்டக்காரனுக்குப் புரோட்டா வாங்கித் தருபவர். நோட்டீஸில் இவர் பெயர் கோச் பெயருக்கு மேலே இருந்தால் பணம் அவருடையது என்று அர்த்தம்.

கோச்சுகளுக்கு விருது, பதக்கம் ஒன்றும் கிடையாதா?

ஒலிம்பிக்கில் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் பதக்கம், கோச்சுக்குக் கிடையாது. நம் நாட்டில் ஆட்டக்காரர்களுக்கான அர்ஜுனா விருது 1961-ல் வந்தது. கோச்சுகளுக்கான துரோணாச்சாரியா விருது 1985-ல்தான் வந்தது. கால்பந்தில் அதை முதலில் வாங்கியவர் சையது நயீமுதீன், 1990-ல். இடைப்பட்ட காலத்தைப் பார்த்தாலே நம் அரசாங்கம் யாரை முதலில் நினைத்தது என்று தெரியும்.

சின்ன வயதில் கற்றுக்கொடுத்தவருக்கு என்ன பங்கு?

பேச்சளவில் நிறைய, கையில் ஒன்றும் இல்லை. ஒருவன் மாநிலங்களுக்கிடையே நடக்கும் சந்தோஷ் டிராஃபி ஆடுகிறான், வங்கியிலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்கிறது, ஊர் பாராட்டுக் கூட்டம் வைக்கிறது. மேடையில் பொன்னாடை பஞ்சாயத்துத் தலைவருக்கும், கடைசி இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தவருக்கும். பத்து வயதில் அவனை ரெண்டு காலாலும் அடிக்கப் பழக்கியவர் கூட்டத்தின் பின்னால் நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஒப்பந்தம் முடியும் முன் ஓர் ஆட்டக்காரன் பணத்துக்கு ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிந்து போக வேண்டும். ஆனால் கிளப், கால்பந்துச் சங்கத்தில் பதிவாகி, பையன் அங்கே பதிவு பெற்று ஆடியிருக்க வேண்டும். நம் கடற்கரையில் பாதி கிளப்புகள் வாசகசாலைச் சுவரில் எழுதிய பெயர் மட்டும்தான். பையனை எந்த வருஷம் சேர்த்தோம் என்ற காகிதமே இல்லை. கோச்சுக்கு மரியாதை வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் ஒரு பதிவேடு வாங்கிப் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி எழுதி வைக்கலாம்.

பரிசுப் பணத்தை எப்படிப் பிரிப்பது?

சண்டை வருவதே இங்கேதான். படகில் நமக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் பங்கு வைக்கும்போது படகை ஓட்டுகிற ஸ்ராங்குக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். வலை இழுத்தது எல்லாரும்தான், ஆனாலும் எங்கே மீன் என்று பார்த்துப் படகைக் கொண்டுபோனதற்கு அந்தக் கூடுதல். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மைதானத்தில் மட்டும் கோச்சுக்குக் கடைசியில் ஒரு சால்வை போட்டு அனுப்பிவிடுகிறோம்.

நான் சொல்வது: வருஷம் முழுக்கப் பயிற்சி கொடுத்த சொந்த ஊர் கோச்சுக்கு ஓர் ஆட்டக்காரனின் பங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், முடிந்தால் கூட. கெஸ்ட் ஆட்டக்காரர்கள் முன்பே பேசிய பணத்தை வாங்கிவிடுவார்கள், பரிசில் அவர்களுக்குப் பங்கு தேவையில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இறங்காமலே போனவனுக்கும் பங்கு உண்டு, பிராக்டிஸுக்கு அவனும்தான் வந்தான். ஃபைனலுக்கு மட்டும் வந்து விசில் ஊதிய ‘ஸ்பெஷல் கோச்’சுக்குப் பெட்ரோல் காசு போதும். சுழற்கோப்பை கிளப்பில் இருக்கட்டும், மேன் ஆஃப் தி மேட்ச் பணம் வாங்கியவனுக்கே. இதையெல்லாம் முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கப்பு வந்த ராத்திரியில் பேச உட்கார்ந்தால் விடியும்வரை முடியாது.